கொழும்பிலிருந்து காலிக்கு இரண்டு இரவு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

காலிக்குப் போய் அலுத்துத் திரும்பியவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் அறையைப் பிடித்துவிட்டார்கள். பிறகு நாள், பயணம், கடல் குளியல் எல்லாவற்றையும் அந்த அறைக்கு ஏற்றபடி வளைத்தார்கள். போன இடத்தில் கடல் கொந்தளிப்பு, ரயிலில் நிற்க இடமில்லை, உச்சி வெயிலில் கோட்டை மதில் நடை.

வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் கடல், பிறகு நாட்காட்டி, பிறகு ரயில். அறை நான்காவது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து புறப்படும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை மனதில் வைத்து, இரண்டு இரவு மூன்று பகல் கணக்கில் இது எழுதப்பட்டது. ஒரு சொல் விளக்கம்: கீழே வெறுமனே 'கோட்டை' என்று வந்தால் அது காலிக் கோட்டை. ரயில் நிலையத்தைக் 'கொழும்புக் கோட்டை' என்றே எழுதியிருக்கிறோம்.

1. மாதத்தைக் கடலைப் பார்த்துத் தீர்மானியுங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை காலிக் கரையை நேராக வந்து அடிக்கும். அந்த மாதங்களில் வானம் வெளுத்திருந்தாலும் கடல் அடங்காது. 'இன்றைக்கு மழை இல்லையே' என்று தண்ணீரில் இறங்குவதுதான் புதிதாக வருபவர்களின் முதல் தவறு. அலையை எழுப்புவது உங்கள் தலைக்கு மேலுள்ள மேகம் அல்ல, நெடுந்தூரத்தில் வீசும் காற்று.

குளிக்க ஏற்ற காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது நிலப்பக்கமிருந்து வீசுவதால் இந்தக் கரை அமைதியாக இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் காலை நன்றாக இருந்து, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியுடன் மழை கொட்டும். அந்த மாதங்களில் போனால் வெளிவேலையை எல்லாம் மதியத்துக்கு முன் முடிக்கத் திட்டமிடுங்கள்.

கடலில் குளிக்கும் எண்ணமே இல்லை, மதிலும் தெருக்களும் போதும் என்றால் ஜூன், ஜூலை மோசமில்லை. அறை மலிவு, கூட்டம் குறைவு, மதிலில் அலை மோதுவதைப் பார்ப்பதற்கும் அதுதான் நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மட்டும் அப்போது 'கடலுக்குப் போகிறோம்' என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். மூன்று நாளும் கரையில் நின்று முகம் தூக்குவார்கள்.

2. நாட்காட்டியில் சில நாட்களை வெட்டுங்கள்

மாதம் முடிவானதும் நாட்காட்டியை எடுத்து, போயா விடுமுறை வார இறுதியோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஒட்டி வந்தால் கொழும்பில் பாதிப்பேர் தெற்கே போவார்கள். போயா அன்று மதுபானம் விற்கப்படாது, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது ஒரு குறையாகப் படாமல் போகலாம். கூட்டம்தான் குறை.

ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய நாட்களைக் கட்டாயம் தவிருங்கள். ஏப்ரல் 13, 14 மட்டுமல்ல, அதற்குப் பிந்திய சில நாட்களும் சிறிய சாப்பாட்டுக் கடைகள் திறக்காது. ஊழியர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். பஸ்களும் குறைவு. விடுதியில் அறை இருக்கும், சமைக்க ஆள் இருக்காது.

மூன்றாவது, கிரிக்கெட். கோட்டை வாசலுக்கு எதிரிலேயே காலி சர்வதேச மைதானம். டெஸ்ட் போட்டி நடக்கும் ஐந்து நாளும் கோட்டைக்குள் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஆட்டத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல நாள். வடபக்க மதிலில் நின்றால் மைதானம் கீழே விரிந்து கிடக்கும். டிசம்பர் 20க்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை விலை உச்சத்தில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சுவதில் சிறந்தது திங்கள் முதல் வியாழன் வரை. லீவு போட முடியாதவர்கள் வெள்ளி காலை புறப்பட்டு ஞாயிறு மதியத்துக்குள் திரும்புங்கள். சனி காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பும் திட்டத்தில் இரண்டு பயணமும் கூட்டத்தில் மாட்டும்.

3. ரயிலா, அதிவேகப் பாதை பஸ்ஸா

கொழும்பின் கரையோரப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு ரயில். நுகேகொடை, மஹரகம, கொட்டாவைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பஸ். காரணம் எளிது. அதிவேக நெடுஞ்சாலை பஸ்கள் கொட்டாவைக்கு அருகே மாகும்புர நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. நெடுஞ்சாலையில் ஏறியபின் பயணம் வேகமானது, பின்னதூவ வெளிவாயிலில் இறங்கிக் காலி நகருக்கு வந்துவிடலாம். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து மாகும்புரவுக்குப் போக ஹைலெவல் வீதி நெரிசலில் செலவாகும் நேரம், மிச்சம் பிடித்த நேரத்தை விழுங்கிவிடும்.

ரயிலில் விரைவு வண்டி சுமார் இரண்டரை மணி நேரம் எடுக்கும். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் ஏறினால் நான்கு மணி நேரத்தை நெருங்கலாம். ஆகவே 'காலி வண்டியா' என்று கேட்டால் போதாது, 'கடுகதியா' என்றும் கேளுங்கள். நேர அட்டவணை மாறிக்கொண்டிருப்பதால் முதல் நாள் 1919 என்ற அரச தகவல் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யுங்கள். உங்கள் நிலையத்தில் அந்தக் கடுகதி நிற்குமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.

சொந்த வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: கோட்டைக்குள் தெருக்கள் குறுகல். வாகனத்தை எங்கே விடுவது என்று விடுதிக்காரரிடம் கேட்காமல் உள்ளே திருப்பாதீர்கள்.

4. இப்போது அறை

எங்கே தங்குவது என்பதற்கு ஒரு நேரடியான விதி. கடைசிப் பிள்ளைக்குப் பத்து வயதுக்குக் குறைவென்றால் காலிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான உனவட்டுனவில் தங்குங்கள். இல்லையென்றால் கோட்டைக்குள். கோட்டையின் நல்ல நேரம் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான். பகலில் வந்து போகும் கூட்டம் அப்போது இருக்காது. அங்கே படுத்து எழுகிறவர்களுக்கு மட்டுமே அந்த நேரம் முழுதாகக் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், மதியம் தூங்க அறை பக்கத்தில் வேண்டும். இரண்டிடத்திலும் ஒவ்வோர் இரவு என்று பிரிக்காதீர்கள். பை கட்டி அவிழ்ப்பதிலேயே அரை நாள் போய்விடும்.

விலை கேட்கும்போது மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேளுங்கள். உள்ளூரவருக்கான விலையா? சேவைக் கட்டணமும் வற் வரியும் சேர்ந்ததா? காலைச் சாப்பாடு உண்டா? 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 18% வற் வரியும் விழும் இடத்தில், 10,000 ரூபா என்று சொன்ன அறைக்கு நீங்கள் கொடுப்பது 12,980 ரூபா. இரண்டு இரவுக்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபா வித்தியாசம். உள்ளூர் விலை கேட்டால் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். தொலைபேசியில் இருக்கும் படத்தைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

இணையத்தில் பார்த்துவிட்டு நேராக அழைத்துப் பேசுவது நல்லது. கோட்டைக்குள் இருக்கும் வீடுகள் பலவற்றில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்கள் நடத்தும் தங்குவீடு என்றால் தமிழிலேயே பேசலாம். "நானா, சொன்ன விலைக்குள்ள எல்லாம் அடங்குமா?" என்று கேட்டு, வரும் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை வந்தபின் யாரும் நினைவு வைத்திருப்பதில்லை.

பழைய வீடு என்பதால் கேட்க வேண்டியவை வேறும் உண்டு. சில அறைகளுக்கு வெளிச்சுவரில் ஜன்னலே இருக்காது, முற்றத்தைப் பார்த்து ஒரு கதவு மட்டும். மாடிப்படி மரத்தாலானது, செங்குத்தானது. முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போனால் கீழ்மாடி அறை என்று சொல்லியே பிடியுங்கள். மழை மாதமென்றால் சுவரில் ஈரவாடை இருக்கும், ஏசி இல்லாத அறையில் உடுப்புக் காயாது.

அறை கொடுப்பது வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்கு. உங்கள் ரயில் போய்ச் சேர்வது காலை பத்தரைக்கு. இந்த மூன்றரை மணி நேர இடைவெளியை யோசிக்காமல் போவதால்தான் பைகளும் பிள்ளைகளுமாக வீதியோரம் நிற்க நேர்கிறது. 'முன்கூட்டியே வந்தால் பையை வைத்துக்கொள்வீர்களா, கைகால் கழுவ இடம் இருக்கிறதா' என்று அறையை உறுதிப்படுத்தும்போதே கேளுங்கள்.

5. பையில் வைக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு பை, முதுகில் போடக்கூடியது. சக்கரப் பெட்டி வேண்டாம். ரயில் படிகள் உயரம், கோட்டைத் தெருக்களில் சக்கரம் தடுக்கும்.

துவாய், தொப்பி, வெயில் கிரீம், நுளம்புத் திரி. பின்புறம் பட்டி உள்ள செருப்பு, ஏனென்றால் மதிலில் புல் சரிவும் கருங்கல்லும் மாறிமாறி வரும், சாதாரண ரப்பர் செருப்பு வழுக்கும். ஈர உடுப்புக்கு இரண்டு தடித்த பொலித்தீன் பைகள். தொலைபேசிக்கு ஒரு சிப் பை. வழக்கமாகக் குடிக்கும் குளிசைகளை மூன்று நாளுக்கு அல்ல, ஐந்து நாளுக்கு எடுத்து வையுங்கள். பள்ளிவாசல், விகாரைப் பக்கம் போக நினைத்தால் தோளையும் முழங்காலையும் மூடும் உடை ஒன்று.

கடலில் குளிக்கும் உடை பற்றி நம் பெண்கள் யோசிப்பதில்லை. சுரிதாரும் ஷோலுமாக இறங்கினால் நனைந்த துணி காலில் சுற்றும், முழங்கால் ஆழத்திலேயே விழுத்திவிடும். இறுக்கமான லெகிங்சும் நீளக்கை டீசேர்ட்டும் போதும். ஷோலைக் கரையில் வைத்துவிடுங்கள். ஜீன்சுடன் இறங்கும் இளைஞர்களுக்கும் இதே சொல். ஈர ஜீன்ஸ் காலில் கட்டிய கல்.

ஒன்றைக் காலியில் தேடி அலைய வேண்டாம். 1409ஆம் ஆண்டுக்குரிய, சீன, தமிழ், பாரசீக மொழிகளில் பொறிக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில்தான் கிடைத்தது. ஆனால் அசல் கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. பார்க்க ஆசையென்றால் புறப்படுவதற்கு முந்திய வாரம் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள்.

6. புறப்படும் காலை: எந்தப் பக்கம் உட்கார்வது

கிழமை நாளில் காலை வண்டி தெற்கே போவது அலுவலகக் கூட்டத்துக்கு எதிர்த்திசை. ஆகவே இடம் கிடைக்கும். மாலை நான்கு முதல் ஏழு வரை நிலைமை தலைகீழ். மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறை வரை வீடு திரும்பும் கூட்டம் நெருக்கும். வேலை முடிந்து நேரே போய்விடலாம் என்ற யோசனை பலருக்கு வரும். விட்டுவிடுங்கள்.

தெற்கு வண்டிகள் பல மருதானையிலிருந்து தொடங்குகின்றன. நான்கு பேருக்கு ஒன்றாக இடம் வேண்டுமானால் மருதானையிலோ கொழும்புக் கோட்டையிலோ ஏறுங்கள். வெள்ளவத்தையில் கடுகதி நின்றாலும், விடுமுறைக் காலத்தில் அங்கே ஏறினால் அளுத்கமை வரை நின்றுகொண்டு போக வேண்டிவரலாம். விடியற்காலையில் வீதி வெறுமையாக இருக்கும்போது எதிர்த்திசையில் போய் ஏறுவது வீண் அலைச்சல் போலத் தோன்றும், ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகலாம்.

வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தால் கடல் வலது பக்கம். காலையில் வெயில் இடப்பக்கம், நிலத்தின் மேலிருந்து வரும். ஆகவே வலது பக்கத்தில் கடலும் உண்டு, நிழலும் உண்டு. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் தண்டவாளத்தை ஒட்டி வந்து, மொறட்டுவைப் பக்கம் வரை கூடவே வரும். தெற்கே போகப் போகப் பாதை தென்னந்தோப்புக்குள் நுழைந்துவிடும், அதன்பின் கடல் அங்குமிங்குமாக எட்டிப் பார்க்கும். 'பிறகு பார்க்கலாம்' என்று முதல் அரை மணி நேரம் தொலைபேசியைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். பருவக்காற்று மாதங்களில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதியில் கல்லில் மோதும் அலையின் சாரல் ஜன்னலுக்குள் வரும். கமராவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்க விடாதீர்கள். சிக்னல் கம்பங்களும் பாலத்துச் சட்டங்களும் பெட்டிக்கு மிக அருகே போகின்றன.

இன்னொன்று. காலி நிலையத்தில் மாத்தறை வண்டி திசை மாறும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டி, வந்த பக்கமாகவே வெளியேறும். நீங்கள் காலியில் இறங்குபவர்கள் என்பதால் கவலையில்லை. காலியைத் தாண்டிப் போகும் உறவினர்கள் கூட இருந்தால், வண்டி கொழும்புக்கே திரும்புகிறது என்று பதறி இறங்கிவிடாமல் சொல்லி வையுங்கள்.

7. இறங்கியதும் முதல் நான்கு மணி நேரம்

நிலையத்திலிருந்து கோட்டையின் பிரதான வாயிலுக்குப் பத்து நிமிட நடை, மைதானத்தைச் சுற்றி. பை இலேசாக இருந்தால் ஆட்டோ தேவையில்லை. பை கனமென்றால் நிலைய வாசலில் மறித்து நிற்கும் ஆட்டோவை விட்டு, பிக்மீ செயலியில் பிடியுங்கள் அல்லது ஏறுவதற்கு முன் விலையைப் பேசுங்கள். பணம் எடுக்க வேண்டுமென்றால் நகரப் பக்கத்து வங்கிகளில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். கோட்டைக்குள் ஏடிஎம் குறைவு, சின்னக் கடைகள் அட்டை வாங்காது.

பையை விடுதியில் வைத்தபின் நேராக மதிலுக்குப் போகாதீர்கள். பதினொரு மணிக்கு அங்கே ஒரு முழ நிழல்கூட இல்லை. கூரையுள்ள இடங்களை இந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். 1755ஆம் ஆண்டின் ஒல்லாந்தர் தேவாலயத்தில் தரை முழுவதும் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். கடல்சார் அருங்காட்சியகம் ஒல்லாந்தரின் பழைய கிட்டங்கிக் கட்டடத்தில் இருக்கிறது. மூடும் நாளை விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அதே கட்டடத்தைத் துளைத்துப் போகும் பழைய வாயிலில் வெளிப்பக்கம் பிரித்தானியச் சின்னமும், உட்பக்கம் 1669 என்ற ஆண்டோடு சேவல் பொறித்த ஒல்லாந்தக் கம்பனிச் சின்னமும் இருக்கும். பலர் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால், ஜும்மா நேரத்தில் வெளிச்சவீட்டுக்கு எதிரிலுள்ள பள்ளிவாசல் பக்கம் தெரு நிறைந்திருக்கும். சில கடைகள் பூட்டியிருக்கும். ஒன்றரை மணிக்குப் பிறகு சாப்பாடு தேடுங்கள்.

இரண்டு மணிக்கு அறை. குளியல், ஒரு தூக்கம். தூங்காமல் சுற்றுகிறவர்கள் மாலை நடையைப் பாதியில் விடுவார்கள்.

8. மதில் நடை

கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டிக்கட் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

புறப்படும் நேரம் 4.30. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சூரியன் மறைவது சுமார் 5.50க்கும் 6.25க்கும் இடையில். நின்று நின்று நடந்தால் மேற்கு மதிலுக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். வெளிச்சவீட்டில் தொடங்கினால் அழகான இடத்தை முதலிலேயே, வெயிலில் பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் பஸ் நிலையத்தைப் பார்த்து நிற்பீர்கள். பிரதான வாயில் பக்கம், மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும் மூன் கொத்தளத்தில் ஏறுங்கள். வடக்கே மைதானமும் நகரமும் தெரியும். அங்கிருந்து மேற்கே ஸ்டார் கொத்தளம். அதன்பின் கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போனால் நெப்டியூன், டிரைட்டன் கொத்தளங்கள் தாண்டி ஃபிளாக் ரொக் (கொடிப் பாறை) என்ற தென்முனை வரும். கடைசியில் யூட்ரெக்ட் முனையில் வெளிச்சவீடு. இப்போதுள்ள கோபுரம் 1939இல் கட்டியது, 26.5 மீற்றர் உயரம்.

சூரியன் மறையும்போது டிரைட்டனுக்கும் ஃபிளாக் ரொக்குக்கும் நடுவே இருந்தால் சரி. ஃபிளாக் ரொக்கிலேயே நிற்க நினைத்தால் கூட்டத்தின் தோள்களுக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டும். நூறு மீற்றர் பின்னால், புல்வெளி விளிம்பில் ஆட்கள் குறைவு, காட்சி அதேதான்.

மதிலின் பெரும்பகுதிக்குக் கைப்பிடி கிடையாது. கடல்பக்கம் செங்குத்தாக இறங்கும் இடத்தில் கீழே பாறை. சின்னப் பிள்ளையின் கையை உள்பக்கம் பிடித்து நடங்கள். மழை பெய்து விட்டிருந்தால் புல் சரிவு சவர்க்காரம் பூசியது போலிருக்கும். ஃபிளாக் ரொக்கில் இளைஞர்கள் சிலர் காசுக்காகக் கடலில் குதித்துக் காட்டுவார்கள். பாறைகளுக்கு நடுவே ஆழமான இடம் எது என்பது அவர்களுக்குத் தெரியும், உங்கள் மகனுக்குத் தெரியாது.

கிழக்கு மதிலில் வெளிச்சவீட்டுக்கு அப்பால் பாதை ஒரே சீராகத் தொடராது. முழுச்சுற்று சுற்றியே தீர்வேன் என்று இருட்டில் பிடிவாதம் பிடிக்காமல், ஹொஸ்பிட்டல் வீதிக்கு இறங்கித் தெருவழியே அறைக்குத் திரும்புங்கள். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, பிளேன்டீ குடித்த கையோடு, விட்ட பக்கத்தைப் பார்க்கலாம். உதயம் அந்தப் பக்கம்தான்.

9. கடலில் இறங்கும் நாள்

இரண்டாம் நாள் காலை ஏழரைக்குப் புறப்படுங்கள். உனவட்டுன காலியிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர். ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள பஸ் நிலையத்தில் மாத்தறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, உனவட்டுன சந்தியில் இறங்குங்கள். கரைக்கு உள்வீதி வழியே சில நிமிட நடை. எட்டு முதல் பத்தரை வரை குளியல், அதற்குமேல் வெயில் தோலை உரிக்கும்.

தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். அலை வெள்ளையாக உடையும் இடங்களுக்கு நடுவே, உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும் ஒரு பட்டை இருக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று அதையே தெரிவு செய்கிறார்கள். கரைக்கு அடித்து வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அது. அலை உடையாததற்குக் காரணம் ஆழமும் வெளியோட்டமும். அதில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தால் அந்த அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். நீந்தத் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள்.

பொலிஸ் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்துக்கு நேரே குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். 'எங்கே இறங்கலாம்' என்று அவர்களையே கேளுங்கள். எந்தப் பக்கம் இன்றைக்கு இழுக்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள்.

காற்றூதிய வளையம் போட்டால் பிள்ளை பத்திரம் என்று நினைப்பது ஆபத்து. நல்ல பருவத்தில் காலைக்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் என்று முதலிலேயே சொன்னோம். அதே காற்றுத்தான் வளையத்தையும் பிள்ளையையும் மெல்ல வெளியே தள்ளும். வளையம் போட்டாலும் பெரியவர் ஒருவர் கடல்பக்கம் நிற்க வேண்டும், கரைப்பக்கம் அல்ல.

பவளப்பாறை மேல் நிற்காதீர்கள். பாறை உடையும், இடுக்கில் இருக்கும் கடல் முள்ளெலியின் முள்ளும் காலில் ஏறும். பவளமும் ஆமையும் பார்க்கத்தான் ஆசையென்றால் வடக்கே சுமார் 20 கிலோமீற்றரில் ஹிக்கடுவ இருக்கிறது. ஆமைக்குப் பாசி ஊட்டிப் படம் எடுக்கச் சொல்லி அழைப்பவர்களைக் கடந்து போங்கள். உனவட்டுன, ஹிக்கடுவ இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

விபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. பொலிஸுக்கு 119.

10. சாப்பாடு, குறிப்பாக மரக்கறிக்காரருக்கு

கோட்டைக்குள் காற்று வாங்கிக்கொண்டு ஒரு கோப்பி குடிக்கலாம். வயிறு நிறைய நால்வர் சாப்பிட நகரப் பக்கம் வருவதே கட்டுப்படியாகும். பஸ் நிலையத்தைச் சுற்றிச் சோறும் கறியும் மதியம் பன்னிரண்டரைக்குச் சூடாக இருக்கும், இரண்டு மணிக்கு மேல் மிச்சம்தான்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் சிங்களத்தில் 'எலவளு' (மரக்கறி) என்று சொன்னதோடு நிற்காதீர்கள். மீன் துண்டு வராது, ஆனால் பொல் சம்பலிலும் சுண்டலிலும் சில இடங்களில் பருப்பிலும்கூட மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருக்கும். தெற்கில் அதை அசைவமாக நினைக்காத சமையல்காரர் நிறைய. 'உம்பலகட தான்ன எபா' (மாசி போட வேண்டாம்) என்று கேட்கும்போதே சொல்லுங்கள். சம்பல் ஏற்கெனவே இடித்து வைத்திருந்தால் பயனில்லை, எடுக்காமல் விடுங்கள். காலைச் சாப்பாட்டை விடுதியில் சொல்லும்போது இதை முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும்.

ஹலால் பற்றிக் கோட்டைக்குள் கவலையில்லை, முஸ்லிம் வீட்டுச் சமையல் கடைகளே பல இருக்கின்றன.

11. பணம் கழலும் இடங்கள்

'இன்றைக்கு மட்டும் ரத்தினக் கண்காட்சி' என்று அழைத்துப் போகும் ஆட்டோ. அவருக்குக் கடையில் கமிஷன் உண்டு. கல் வாங்கத் தெரியாதவர்கள் விடுமுறையில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கொக்கலைப் பக்கம் கம்பத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர்களைப் படமெடுத்தால் காசு கேட்பார்கள். அதில் தப்பில்லை, அது அவர்கள் தொழில். எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், எடுத்தபின் பேரம் பேசுவதுதான் சண்டையில் முடியும். பலப்பிட்டிய மாது கங்கைப் படகில் ஏறுவதற்கு முன், சொன்ன விலை தலைக்கா படகுக்கா, எத்தனை நிமிடம் என்று இரண்டையும் உறுதி செய்யுங்கள்.

12. திரும்பும் நாள்

அறையைக் காலி செய்வது பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்கு. அதற்கு முன் குளித்து, ஈர உடுப்பைத் தனியே கட்டிவிடுங்கள்.

ஞாயிறு பிற்பகல் மாத்தறையிலிருந்து வரும் வண்டிகள் காலிக்கு வரும்போதே நிறைந்திருக்கும். காலியிலிருந்தே தொடங்கும் வண்டி எது என்று இறங்கிய முதல் நாளே நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்னால் மேடையில் நின்றால் இடம் நிச்சயம். மதியத்துக்கு முன் புறப்படுவது இன்னும் நல்லது.

வடக்கே வரும்போது கடல் இடது பக்கம். பிற்பகலில் வெயிலும் அதே இடது பக்கம்தான், முகத்தில் அறையும். நான்கு மணிக்குமேல் வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் உட்காருங்கள். கடலைத்தான் போகும்போதே பார்த்தாயிற்று. வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவர்கள் தெஹிவளை வந்ததும் பைகளோடு வாசலுக்கு நகர்ந்துவிடுங்கள். நிலையத்தில் வண்டி நிற்பது சில நொடிதான், நான்கு பேரும் இரண்டு பிள்ளைப் பைகளும் இறங்கி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள்.